300 கோடி வசூல்னா 300 கோடி லாபமா? அனிமேஷன் படங்களின் கணக்கும் உங்க 2 லட்சமும்



நம்ம சேனலுக்கு வந்த ஒரு கேள்வியில இருந்தே ஆரம்பிப்போம். திருச்சி பாலக்கரையில இருந்து ஒரு சப்ஸ்கிரைபர். வயசு 26. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 32,000 ரூபாய். மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேர்த்த 2 லட்சம் பேங்க்ல இருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் அவர்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கார்: "குழந்தைங்களுக்கு ஒரு அனிமேஷன் படம் எடுக்கறோம். 'மகாவதார் நரசிம்மா' 40 கோடியில எடுத்து 300 கோடி அள்ளிச்சு பார்த்தீங்கல்ல? நீங்களும் 2 லட்சம் போடுங்க தம்பி, ஏழு மடங்கு வரும்."

போடலாமா, வேண்டாமா?

பதில் கீழே இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த "ஏழு மடங்கு" எப்படி வந்துச்சுன்னு பிரிச்சுப் பார்த்துடுவோம். ஏன்னா படம், பங்கு, பிளாட், பிட்காயின்னு யார் எதைக் கொண்டு வந்தாலும் உங்க முன்னாடி வைக்கப்படுறது இதே மாதிரி ஒரு பெரிய நம்பர்தான். அதைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் அஞ்சு.

கேள்வி 1: இது எந்த நம்பர்?

பாக்ஸ் ஆபீஸ்ல "வசூல்"னு ஒரே வார்த்தையைச் சொன்னாலும் அதுக்குள்ள மூணு நம்பர் இருக்கு. கிராஸ், நெட், ஷேர்.

பாலக்கரை பிரபாத் ரவுண்டானா பக்கம் இருக்கிற ஒரு குடும்பம், அப்பா, அம்மா, ரெண்டு பசங்க, ஞாயிற்றுக்கிழமை கோட்டை ஸ்டேஷன் ரோட்டுல இருக்கிற மாரிஸுக்குப் படம் பார்க்கப் போறாங்கன்னு வச்சுக்கோங்க. கணக்குக்காக டிக்கெட்டோட அடிப்படை விலை 150 ரூபாய்னு எடுத்துக்குவோம். 100 ரூபாய்க்கு மேல இருக்கிற டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18%, அதாவது 27 ரூபாய். (100 ரூபாய் வரைக்கும் இருக்கிற டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5% தான்.) அதோட உள்ளாட்சி கேளிக்கை வரி 4%னு வச்சா 6 ரூபாய். ஆக ஒரு டிக்கெட் 183 ரூபாய், நாலு பேருக்கு 732 ரூபாய்.

- கிராஸ்: 732 ரூபாய். செய்தியில, போஸ்டர்ல வர்ற நம்பர் இதுதான்.
- நெட்: வரி போக 600 ரூபாய்.
- ஷேர்: தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கிட்டது போக மீதி. பாதிக்குப் பாதின்னு வச்சா 300 ரூபாய்.

அந்த 300-லயும் விநியோகஸ்தர் கமிஷன் 10% போனா தயாரிப்பாளர் கைக்கு வர்றது 270 ரூபாய். அதாவது 732-ல சுமார் 37%. தியேட்டரோட பங்கு படத்துக்குப் படம், வாரத்துக்கு வாரம் மாறும். ஆனா மோட்டா கணக்கு இப்படித்தான் இருக்கும். இடைவேளையில பசங்க கேட்ட பாப்கார்ன் காசு இந்தக் கணக்குலயே வராது, அது தியேட்டருக்கு.

அதனால ஒருத்தர் "300 கோடி"ன்னு சொன்னா உடனே கேளுங்க: "கிராஸா, நெட்டா, ஷேரா?"

கேள்வி 2: எவ்வளவு போட்டு எடுத்தாங்க?

வசூலை மட்டும் வச்சு ரெண்டு படத்தை ஒப்பிட்டா பெரிய பட்ஜெட் படம்தான் எப்பவும் ஜெயிக்கும். முதலீட்டுல நாம பார்க்க வேண்டியது போட்ட காசு எத்தனை மடங்காச்சுங்கறதை. வெளிநாட்டுப் படங்களைப் பாருங்க. எல்லாமே உலக அளவிலான கிராஸ், தோராயமா:

- இன்சைட் அவுட் 2 (2024): பட்ஜெட் 20 கோடி டாலர், வசூல் சுமார் 170 கோடி டாலர். எட்டரை மடங்கு.
- மினியன்ஸ் (2015): பட்ஜெட் 7.4 கோடி டாலர், வசூல் சுமார் 116 கோடி டாலர். பதினஞ்சு மடங்குக்கு மேல.
- நே ஜா 2 (2025, சீனா): பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர், வசூல் 200 கோடி டாலருக்கு மேல. 25 மடங்கு.
- ஃப்ளோ (2024, லாட்வியா): பட்ஜெட் சுமார் 35 லட்சம் யூரோ, வசூல் 3 கோடி டாலருக்கு மேல. கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

கடைசிப் படத்தைக் கவனிங்க. வசனமே இல்லாத ஒரு பூனைக் கதை. பிளெண்டர்ங்கற இலவச மென்பொருள்ல செஞ்சது. 2025-ல ஆஸ்கரும் வாங்கிச்சு. மொத்த வசூல்ல இன்சைட் அவுட் 2-க்குப் பக்கத்துலகூட நிக்க முடியாது. ஆனா போட்ட ஒவ்வொரு ரூபாயும் என்ன ஆச்சுன்னு பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

இந்த மடங்கை லாபம்னு எடுத்துக்காதீங்க. தியேட்டர் சுமார் பாதியை எடுத்துக்கும். பட்ஜெட்ல சேராத விளம்பரச் செலவு தனியா இருக்கு. அதனால பட்ஜெட்டைப் போல ரெண்டரை மடங்கு வசூல் வந்தாத்தான் தியேட்டர் ஓட்டத்துல கையைக் கடிக்காம வெளிய வரலாம்னு சினிமா வட்டாரத்துல ஒரு மோட்டா கணக்கு வச்சிருக்காங்க.

இன்னொரு விஷயம், பட்ஜெட்னு வெளிய வர்ற நம்பர் ஆடிட் பண்ண நம்பர் இல்லை. மகாவதார் நரசிம்மாவுக்கே 15 கோடியில இருந்து 40 கோடி வரைக்கும் வெவ்வேறு செய்தி வந்துச்சு. 15-ன்னு எடுத்தா இருபது மடங்கு, 40-ன்னு எடுத்தா ஏழரை மடங்கு. கீழே இருக்கிற நம்பர் மாறினா கதையே மாறிடுது.

கேள்வி 3: ஓப்பனிங்கா, ஓட்டமா?

இந்தக் கட்டுரையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. பிக்சார் ஸ்டுடியோ அடுத்தடுத்து மூணு வருஷம், மூணு ஜூன் மாசம், மூணு படம் விட்டாங்க. மூணுக்கும் பட்ஜெட் சுமார் 20 கோடி டாலர். ஒரே கம்பெனி, ஒரே செலவு, ஒரே சீசன். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

- லைட்இயர் (ஜூன் 2022): அமெரிக்கா, கனடாவில் முதல் வார இறுதி சுமார் 5.1 கோடி டாலர். அங்கே மொத்தம் 11.8 கோடி. உலகம் முழுக்க 22.6 கோடி.
- எலிமென்டல் (ஜூன் 2023): முதல் வார இறுதி சுமார் 3 கோடி. அங்கே மொத்தம் 15.4 கோடி. உலகம் முழுக்க 49.6 கோடி.
- இன்சைட் அவுட் 2 (ஜூன் 2024): முதல் வார இறுதி சுமார் 15.4 கோடி. அங்கே மொத்தம் 65 கோடி. உலகம் முழுக்க 170 கோடி.

லைட்இயரையும் எலிமென்டலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் மூணு நாள்ல லைட்இயர் ரொம்ப முன்னாடி. எலிமென்டலுக்கு வந்தது பிக்சாரோட மோசமான ஓப்பனிங்குகள்ல ஒண்ணு. அந்தத் திங்கட்கிழமை காலையில ரெண்டுல எது தேறும்னு கேட்டிருந்தா எல்லாரும் லைட்இயரைத்தான் காட்டியிருப்பாங்க. ஆனா லைட்இயர் ஓப்பனிங்கைப் போல 2.3 மடங்குல நின்னு போச்சு. எலிமென்டல் 5 மடங்கு வரைக்கும் ஓடிச்சு. உலக வசூல்ல ரெண்டு மடங்குக்கு மேல முந்திடுச்சு. லைட்இயர் போட்ட காசைக்கூடத் தியேட்டர்ல எடுக்கல. எலிமென்டல் அந்த ரெண்டரை மடங்குக் கோட்டைத் தொட்டுடுச்சு.

குடும்பப் படத்துல இது ஏன் இப்படி நடக்குது? ஹீரோ படத்துக்கு ரசிகர்கள் முதல் நாள் முதல் காட்சிக்கே ஓடுவாங்க. குழந்தைங்க படத்துக்கு யாரும் அப்படி ஓடறதில்லை. எட்டு வயசுப் பையன் தனியா தியேட்டருக்குப் போக முடியாது. அவன் ஸ்கூல்ல நண்பன் சொல்லிக் கேட்டு, வீட்டுல நச்சரிச்சு, அப்பாவுக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் கிளம்பணும். ஆனா கிளம்பினா ஒரு டிக்கெட் இல்ல, நாலு டிக்கெட். பாட்டியும் வந்தா அஞ்சு.

மகாவதார் நரசிம்மாவும் இப்படித்தான். 2025 ஜூலை 25 வெளியீடு. இயக்கம் அஷ்வின் குமார், வழங்கியது 'கேஜிஎஃப்' எடுத்த ஹோம்பாலே ஃபிலிம்ஸ். முதல் நாள் இந்தியா முழுக்க எல்லா மொழியும் சேர்த்து நெட் வசூல் 2 கோடிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அது பல மடங்காச்சு. ரெண்டாவது வார வசூல் முதல் வாரத்தையே தாண்டிச்சு. கடைசியில உலக அளவுல 300 கோடிக்கு மேல போய், இந்திய அனிமேஷன் படங்கள்ல அதிக வசூல்னு பேர் வாங்கிச்சு.

கதை தெரிஞ்ச கதைங்கறதும் பெரிய பலம். நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. ஸ்ரீரங்கத்துல காட்டழகிய சிங்கர் கோவில் இருக்கு. பெரிய கோவிலுக்குள்ள மேட்டழகிய சிங்கர் சன்னதி இருக்கு. கம்பர் அங்கே ராமாயணம் அரங்கேற்றினப்ப, இரணியன் வதை வந்த இடத்துல சிங்கப்பெருமாள் தலையசைச்சு ஆமோதிச்சார்னு இன்னிக்கும் சொல்வாங்க. இப்படிப்பட்ட ஊர்ல நரசிம்மர் யாருன்னு விளக்க டிரெய்லருக்குக் காசு செலவு பண்ண வேண்டியதில்லை. சீனாவுல நே ஜாவும் அதே மாதிரி வீட்டுக்கு வீடு தெரிஞ்ச புராணப் பாத்திரம்தான்.

"அப்போ புராணக் கதைன்னா உறுதியா ஓடுமா?"ன்னு கேட்டா, அதுக்குப் பதில் அஞ்சாவது கேள்வியில.

கேள்வி 4: எத்தனை வருஷத்துல?

"ஏழு மடங்கு"ன்னு சொல்ற வாய், எத்தனை வருஷத்துலன்னு சொல்லாது. அனிமேஷன் படம் ஆறு மாசத்துல முடியற வேலை இல்லை. ஒவ்வொரு ஃபிரேமும் செஞ்சு எடுக்கணும், நாலஞ்சு வருஷம் சாதாரணம்.

இப்போ நாமளே மோட்டா கணக்கு போடுவோம். செலவு 40 கோடி, கிராஸ் 300 கோடி, வரி போக நெட் 250 கோடி, அதுல பாதி ஷேர் 125 கோடின்னு வச்சுக்குவோம். ஏழரை மடங்கு இப்பவே மூணு மடங்கு சொச்சமா சுருங்கிடுச்சு. இதுக்கு நாலு வருஷம் ஆச்சுன்னா ஆண்டு வளர்ச்சி, அதாவது சிஏஜிஆர், சுமார் 33%. விளம்பரச் செலவைக் கழிச்சா இன்னும் குறையும். ஓடிடி, டிவி உரிமை வந்தா கொஞ்சம் கூடும்.

33% அருமையான வருமானம்தான், சந்தேகமே இல்லை. ஆனா அது இந்திய அனிமேஷன்லயே முதல் இடம் பிடிச்ச படத்தோட கணக்கு. வகுப்புல முதல் மார்க் வாங்கின பையனைக் காட்டி "எங்க ஸ்கூல்ல சேர்ந்தா எல்லாருக்கும் இதே மார்க்"னு சொல்ற மாதிரிதான் உங்ககிட்ட பேசறாங்க.

காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, பணவீக்கம். 2014-ல வந்த 'கோச்சடையான்' பட்ஜெட் சுமார் 125 கோடின்னு அப்போ செய்திகள் சொல்லிச்சு. ஆண்டுக்கு 6% பணவீக்கம்னு வச்சா 2025 மதிப்புல அது சுமார் 237 கோடி. வெவ்வேறு வருஷத்துப் படங்களை அப்படியே பக்கத்துல வச்சு "அது 125, இது 40"ன்னு சொன்னா வித்தியாசம் உண்மையில இருக்கிறதைவிடச் சின்னதாத் தெரியும்.

கேள்வி 5: தோத்தவங்க எங்கே?

கோச்சடையானையே தொடர்ந்து பார்ப்போம். ரஜினிகாந்த், தீபிகா படுகோன், ஏ.ஆர். ரஹ்மான் இசை, மோஷன் கேப்சர் தொழில்நுட்பம், தமிழோட சேர்த்து பல மொழிகள்ல 2014 மே 23 அன்னிக்கு வெளியீடு. இதைவிடப் பெரிய பேர் வேணுமா? ஆனா வசூல் எதிர்பார்ப்பைத் தொடவில்லை. படத்துக்காக வாங்கின கடன் சம்பந்தமான வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. படம் தியேட்டரை விட்டுப் போயிடும், கடன் போகாது. கிரெடிட் கார்டுல, பர்சனல் லோன்ல எடுத்து முதலீடு பண்றவங்க இந்த ஒரு வரியைக் குறிச்சு வச்சுக்கோங்க.

புராணக் கதைன்னு கேட்டீங்கல்ல? 2012-ல டிஸ்னி, யுடிவி ரெண்டு பெரிய நிறுவனமும் சேர்ந்து 'அர்ஜுன்: தி வாரியர் பிரின்ஸ்' எடுத்தாங்க. மகாபாரதக் கதை, படமும் நல்லா வந்திருந்தது. தியேட்டர்ல ஓடல. அதுக்கும் முன்னாடி 2000 வாக்குல நம்ம சென்னையோட பென்டாமீடியா கிராஃபிக்ஸ் பாண்டவர் கதையையும் சிந்துபாத் கதையையும் கம்ப்யூட்டர் அனிமேஷன்ல எடுத்தாங்க. நாட்டுக்கே முன்னோடி முயற்சி. டாட்காம் காலத்துல அந்தக் கம்பெனி பங்கு பறந்துச்சு. அப்புறம் சரிஞ்ச விலை அந்த உச்சத்துக்குத் திரும்பவே இல்லை. தொழில்நுட்பம் புதுசா இருந்ததும் உண்மை, பங்கு வாங்கினவங்க காசு கரைஞ்சதும் உண்மை.

தெரிஞ்ச பாத்திரம் இருந்தா போதும்னா லைட்இயரே ஜெயிச்சிருக்கணும். அது 'டாய் ஸ்டோரி' பஸ் லைட்இயரோட கதைதானே!

உங்களுக்குப் புரியறதுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. பத்து அனிமேஷன் படம், ஒவ்வொண்ணுலயும் 2 லட்சம், மொத்தம் 20 லட்சம் போடறீங்க. ஒண்ணு மூணு மடங்கு தருது, 6 லட்சம். ரெண்டு போட்டதைத் திருப்பித் தருது, 4 லட்சம். மீதி ஏழு பூஜ்யம். கைக்கு வர்றது 10 லட்சம், பாதிப் பணம் காலி. ஆனா பேப்பர்ல அந்த ஒரு படம் மட்டும்தான் வரும். மத்த ஏழோட பேர்கூட உங்களுக்குத் தெரியாது.

பெரிய ஸ்டுடியோவுக்கு லைட்இயர் அடி கொடுத்தா இன்சைட் அவுட் 2 தூக்கி விடும். அவங்ககிட்ட வரிசையா படம் இருக்கு. 2 லட்சம் வச்சிருக்கிற ஆளுக்கு ஒரே ஒரு படம்தான்.

சரி, அந்த 2 லட்சத்தைப் போடலாமா?

என் பதில்: வேண்டாம். படம் ஓடுமா ஓடாதாங்கறது அப்புறம். அதுக்கு முன்னாடியே சில இடங்கள்ல இது தட்டுது.

முதல்ல, காகிதம். செபியில பதிவான மாற்று முதலீட்டு நிதிகள் வழியா இந்த மாதிரி தொழில்ல பணம் போட பொதுவா குறைஞ்சபட்சத் தொகையே 1 கோடி ரூபாய். இவ்வளவு ரிஸ்க் தாங்கற சக்தி இருக்கிறவங்க மட்டும் வரணும்னுதான் அந்த வரம்பு. அப்படின்னா உங்ககிட்ட 2 லட்சம் வாங்குறவர் எந்தப் பேர்ல வாங்குறார்? கடனா, பங்கா, கூட்டு ஒப்பந்தமா? கம்பெனியோட பங்குன்னு சொன்னா, தனியார் கம்பெனி நினைச்சவங்ககிட்டல்லாம் போய்ப் பணம் திரட்ட முடியாது. ஒரு நிதியாண்டுல 200 பேருக்கு மேல பங்கு வாங்க அழைக்கக் கூடாதுன்னு கம்பெனிச் சட்டத்துல வரம்பு இருக்கு.

ரெண்டாவது, "ஏழு மடங்கு வரும்"ங்கற உறுதி. பதிவு இல்லாம, வருமானத்துக்கு உறுதி சொல்லி டெபாசிட் வாங்குறதைத் தடுக்க 2019-ல மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. தமிழ்நாட்டுல டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-ல இருந்தே இருக்கு. அதுல வர்ற புகார்களைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும். ஆனா சட்டம் இருக்குங்கறதுக்காகப் போன காசு சீக்கிரம் திரும்பி வந்துடும்னு நினைக்காதீங்க. வருஷக்கணக்கா இழுக்கும்.

மூணாவது, அது உங்க மொத்த சேமிப்பு. மாசம் 32,000 சம்பளத்துல 2 லட்சம்ங்கறது ஆறு மாசச் சம்பளம். அதுதான் உங்க அவசரகால நிதி. வேலை போனாலோ, வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமப் போனாலோ அந்தப் பணம்தான் நிக்கும். அதை நாலு வருஷத்துக்கு எடுக்கவே முடியாத ஒண்ணுல பூட்டக் கூடாது.

மாற்று என்ன? பெருசா ஒண்ணும் இல்லை. 2 லட்சத்தை 7% எஃப்டியில போட்டா நாலு வருஷத்துல சுமார் 2.62 லட்சம். அவசரகால நிதியைத் தனியா வச்சுட்டு, மாசாமாசம் மிச்சம் பிடிக்கிறதை இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்ஐபியில நீண்ட காலத்துக்குப் போடலாம், அதுல ஏற்ற இறக்கம் உண்டுன்னு தெரிஞ்சுக்கிட்டு. கேட்கச் சப்புன்னுதான் இருக்கும். ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

அந்தத் தெரிஞ்சவர்கிட்ட முகத்தை முறிச்சுக்க வேண்டாம். "அண்ணே, படம் வந்ததும் குடும்பத்தோட முதல் வாரமே டிக்கெட் எடுத்துப் பார்க்கறேன்"னு சொல்லுங்க. அது நிஜமான ஆதரவுதான்.

இதே கேள்விகளை உங்க ஆஃபர் லெட்டர்கிட்டயும் கேளுங்க

6 லட்சம் சிடிசின்னு ஒரு ஆஃபர் வருது. மாசம் 50,000-ன்னு மனசு கணக்கு போடும். அது கிராஸ் வசூல் மாதிரி. அடிப்படைச் சம்பளம் 25,000-ன்னு வச்சா, கம்பெனி போடற பிஎஃப் 3,000, கிராஜுவிட்டிக்கு சுமார் 1,200, வேரியபிள் பே ஒரு 5,000, உங்க பங்கு பிஎஃப் 3,000. எல்லாம் போக மாசாமாசம் கைக்கு வர்றது 37,800. அதுக்கப்புறம் தொழில் வரி தனி. பிஎஃப் உங்க காசுதான், எங்கயும் போகல. ஆனா வாடகையையும் இஎம்ஐயையும் முடிவு பண்ண வேண்டியது இந்த 37,800-ஐ வச்சு.

ஓப்பனிங், ஓட்டம் இங்கேயும் உண்டு. ஒரு கம்பெனி 45,000 தருது, வருஷம் 4% உயர்வு. இன்னொண்ணு 40,000 தருது, வருஷம் 10% உயர்வு. முதல் நாள் 5,000 வித்தியாசம். நாலாவது வருஷம் முதல் கம்பெனியில 50,600, ரெண்டாவதுல 53,200. முதல் நாள் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டா லைட்இயரைத் தேர்ந்தெடுத்த கதையாயிடும். உயர்வு உண்மையிலேயே அவ்வளவு வருமான்னு அங்கே வேலை செய்றவங்ககிட்ட விசாரிச்சுக்கோங்க, அது வேற விஷயம்.

"என் ஃப்ரெண்டு ஒரு பங்குல மூணு மடங்கு பார்த்தான்"னு யாராவது சொன்னாலும் இதையே கேளுங்க. எவ்வளவு போட்டான்? எத்தனை வருஷம்? வரி போகவா? மத்த பத்துப் பங்கு என்ன ஆச்சு? பெரும்பாலும் கடைசிக் கேள்விக்குப் பேச்சு மாறிடும்.

அஞ்சு கேள்வியையும் ஒரே இடத்துல தர்றேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க:

1. கிராஸா, நெட்டா, கைக்கு வந்ததா?
2. எவ்வளவு போட்டு?
3. ஆரம்ப வேகமா, நின்னு ஓடினதா?
4. எத்தனை வருஷத்துல?
5. இதே மாதிரி முயற்சி பண்ணித் தோத்தவங்க எத்தனை பேர்?

உங்க ஆபீஸ்ல, உங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்போ சுத்திக்கிட்டு இருக்கிற "இத்தனை மடங்கு" எதுன்னு எழுதுங்க. அடுத்த வீடியோவுல அதையும் இதே அஞ்சு கேள்வியில பிரிச்சுப் பார்த்துடலாம்.

குறிப்பு: இது பொதுவான விழிப்புணர்வுக்காக எழுதப்பட்டது, தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை அல்ல. முதலீடு செய்யும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் பேசுங்கள்.